குழந்தையின் கையைக் கட்டாதீர்

பாண்டியன் அறிவுடை நம்பி முடிமன்னன். ஆயினும் புறநானூற்றின் 188ஆம் பாட்டிலே அவன் பெரிதாகப் போற்றுவது படையையோ பண்டாரத்தையோ அன்று; தளர்நடையிட்டு வந்து, உண்கலத்துட் கையை விட்டு, நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் சிந்திக்கொள்ளும் ஒரு குழந்தையையே. அத்தகைய மக்களைப் பெறாதார் வாழ்நாளுக்குப் பயனில்லை என்பது அவன் முடிபு. அரண்மனையில் தரை துடைத்தவர்கள் என்ன நினைத்தனரோ, அறியோம்!

இன்று நம் வீடுகளில் நிகழ்வது யாது? ஒரு கை பிள்ளையின் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மறு கை சோறு தீத்துகின்றது. பிள்ளை முகத்தைத் திருப்பினால் கைத்தொலைபேசியில் ஒரு பொம்மை ஆடத் தொடங்கும். மயங்கிய பிள்ளை வாயைத் திறக்கும். சோறு உள்ளே போகும். உண்டதன் சுவையும் அதற்குத் தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது. பல்லுக்கொழுக்கட்டை நாளில் ஏட்டையும் பேனையையும் பொன்னையும் முன்னே பரப்பி, பிள்ளை எதை எடுக்கின்றதென்று சுற்றமெல்லாம் மூச்சடக்கிக் காத்திருக்கும். அன்றொரு நாள்தான் அக்கைக்கு விடுதலை.

ஒன்பது மாதப் பேத்தியின் பொருட்டு என் வீட்டிலேயே ஒரு வழக்கு நடந்தது.

“விடுங்கோ அம்மா, அவள் தானே எடுத்துத் தின்னட்டும்,” என்றாள் மகள்.

“புரைக்கேறினால் ஆர் பாக்கிறது? பிள்ளை மெலிஞ்சு போச்சுதெண்டு மாப்பிளை வீட்டார் என்னைத்தான் சொல்லுவினம்,” என்றாள் என் மனைவி.

நான் மகளின் பக்கம் நின்றேன். எனினும் மனைவியின் அச்சங்கள் இரண்டும் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

மெலிவைப் பற்றி முதலிற் சொல்வேன். கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் 1928க்கும் 1939க்கும் இடையில் எழுதிய கட்டுரைகளில் ஓர் அரிய ஆய்வை விவரித்தார். தாய்ப்பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகள் 15 பேர். உணவு 34 வகை. அவற்றுள் ஒவ்வொரு வேளையும் பலவற்றைத் தட்டத்தில் வைப்பார்கள். தாதி வற்புறுத்தலாகாது, குழந்தை கைநீட்டிய பின்னரே உதவலாம். ஒரு நாள் ஒன்றையே அள்ளி உண்ட பிள்ளை மறுநாள் அதனைத் தொடாது. ஆயினும் அனைவரும் நன்கு வளர்ந்தனர். வைக்கப்பட்டவை யாவும் எளிய இயற்கை உணவுகள். சீனிப்பண்டம் ஒன்றேனும் இல்லை என்பதையும் சேர்த்தே எண்ணுக. எதை வைப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் உரிமை.

அடுத்தது புரையேற்றம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின், கழுத்து உறுதிபெற்று நிமிர்ந்திருக்கும் பிள்ளைக்கு விரல்நீளத்தில் அவித்த பூசணியோ, வற்றாளங்கிழங்கோ, கனிந்த வாழைப்பழமோ கொடுக்கலாம். இரு விரலுக்கிடையில் அழுத்தினால் மசிய வேண்டும், அதுவே அளவு. கச்சானும் முழுத் திராட்சையும் ஆகா. ஒரு வயதுக்கு முன் தேனும் ஆகாது. ஓங்கரிக்கும் பிள்ளை இருமும், சத்தமிடும். பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். மூச்சடைத்த பிள்ளையிடமோ சத்தம் எழாது. ஆதலால் உண்ணும் பிள்ளையை ஒரு கணமும் தனியே விடலாகாது.

தொடக்கத்தில் உள்ளங்கை முழுவதாலும் வாரிப் பிடிக்கும் குழந்தை, ஒன்பதாம் மாதமளவில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கூட்டி ஒரு பருக்கையை எடுக்கின்றது. என் பேத்தி ஒரே பருக்கைக்காக எத்தனை முறை முயன்றாள்! அது நழுவும், அவள் புருவம் நெரியும், மீண்டும் குனிவாள். கடைசியில் வாய்க்குக் கொண்டுசென்றபோது பருக்கை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. மனைவியின் கை தானாக முன்னே நீண்டது. மகள் அதனை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

உண்ணக் கற்குமுன் கை நிலத்தில் ஊன்றக் கற்கின்றது. பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவம் குழந்தை கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடும் காலமன்றோ? தவழாத பிள்ளையை, விழித்திருக்கும் வேளைகளில், நாளொன்றுக்குப் பலமுறையாக அரைமணி நேரமாவது குப்புறக் கிடத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஒரு மணிக்கு மேல் ஒரே இருக்கையிற் கட்டிவைப்பதையும், கைக்குழந்தைக்குத் திரை காட்டுவதையும் விலக்கியது. உறங்கும்போது மட்டும் மல்லாத்தியே கிடத்துக.

நம் தச்சர் செய்த மூன்று சில்லு நடைவண்டியைப் பிள்ளை தன் காலில் நின்று தள்ளும். நடுவே இருத்தி உருளவிடும் கடைச் சில்லுக்கூடு வேறு. படிகளில் உருண்டு குழந்தைகள் அடிபட்டமையால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. அதிலிருக்கும் பிள்ளை விரைந்து நடப்பதுமில்லை.

இனி எஞ்சுவது தரைதான். விறாந்தையில் ஒரு பழஞ்சேலையை விரித்து அதன்மேற் பிள்ளையை இருத்துகின்றோம். உண்டு முடிந்ததும் என் மனைவியே அதனை முற்றத்தில் உதறுகின்றாள். மிச்சத்தைக் கோழிகள் பார்த்துக்கொள்ளுகின்றன.