வயதின் மீது பழி போடாதீர்!

"வயதாகிவிட்டது, மாரடைப்பு வந்தது, போய்விட்டார்!" - இப்படிச் சொல்லிக் கலைந்துவிடுகிறோம். வயதின் தலையில் பழியைப் போட்டுவிட்டால், வேறு எதையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா? ஆனால் நாற்பத்தைந்து வயதிலே சாய்கிறானே உழைப்பாளி, அவன் சாவுக்கு யார் மீது பழி போடுவது?

இந்தக் கேள்வியைக் கேட்டு, விடையும் கண்ட மக்கள் உண்டு. பின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையில் உள்ள வடக்கு கரேலியா மக்களே அவர்கள். காட்டிலே மரம் வெட்டுவோர், மாடு வளர்க்கும் சிறு உழவர் நிறைந்த பகுதி அது. 1958-ல் தொடங்கிய ஏழு நாடுகளின் ஆய்வு, மாரடைப்பால் மிகுதியாக மாள்வோர் கிழக்குப் பின்லாந்தின் ஆண்களே என்று காட்டிற்று. சோம்பிக் கிடந்தவர்களா அவர்கள்? கோடரி பிடித்துக் கை காய்த்தவர்கள்! உழைக்கிறவன் எதைத் தின்றாலும் செரிக்கும் என்ற நம்பிக்கை அங்கே தவிடுபொடியாயிற்று.

என்ன உண்டார்கள்? ரொட்டியின் மேல் தடிக்கத் தடிக்க வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், கொழுத்த இறைச்சி, ஏராளமான உப்பு. காய்கறியா? அது மாட்டுத் தீனி என்று கேலி! போதாக்குறைக்கு, ஆண்களில் பாதிப்பேர் புகை பிடித்தனர்.

வெண்ணெயிலும் இறைச்சியிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்திலே கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது. அது இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து, ஆண்டுக்கணக்கில் படிந்து தடிக்கிறது. வலி இல்லை, அறிகுறி இல்லை. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது; இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது; இருதயத் தசை மடிகிறது. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுவது உண்மைதான். ஆனால் முதுமை, கடன் வசூலிக்க வருகிற ஆள். கடன் வாங்கியது இளமையிலே, சாப்பாட்டுத் தட்டிலே!

1971-ல் அந்தப் பகுதியின் மக்கள் பிரதிநிதிகள் கூடி, "எங்கள் ஆண்கள் சாகிறார்கள், வழி செய்க" என்று அரசுக்கு விண்ணப்பம் தந்தனர். 1972-ல் வேலை தொடங்கிற்று. தலைமை ஏற்ற டாக்டர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது வயது 26! நோயாளி வரட்டும் என்று மருத்துவமனையிலே காத்திருக்கவில்லை, ஊருக்குள் இறங்கினார்கள். மார்த்தா என்னும் மாதர் அமைப்பினர் ஊரைக் கூட்டி, பழகிய உணவையே கொழுப்பைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டி, பரிமாறவும் செய்தனர்.

எதிர்ப்பு இல்லையா? இருந்தது. வெண்ணெயை நம்பிப் பிழைத்த உழவர்களும் அந்த மண்ணின் மக்களே. அவர்கள் வயிற்றில் அடித்து மற்றவர் இருதயத்தைக் காப்பது நியாயமா? எனவே குளிர் நாட்டிலே செழிக்கும் பெர்ரிப் பழங்களைப் பயிரிட உழவர்க்குத் துணை செய்தனர். கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெய் சமையலறைக்கு வந்தது. 1976-ல் நாடு முழுவதற்கும் புகையிலைச் சட்டம் வந்தது; விளம்பரத்துக்குத் தடை விழுந்தது.

பலன்? 1972-ல் அப்பகுதி ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால், டெசிலிட்டருக்குச் சுமார் 267 மில்லிகிராம். 2007-ல் சுமார் 207. உழைக்கும் வயது ஆண்களிடையே இருதயக் குழாய் நோயால் நேரும் சாவு, 2006-க்குள் ஏறக்குறைய 85 விழுக்காடு குறைந்தது! புகை குறைந்ததும், இரத்த அழுத்தம் தணிந்ததும், பிற்கால மருத்துவமும் கைகொடுத்தன. எனினும் பெரும்பங்கு கொலஸ்ட்ரால் இறங்கியதற்கே. 1970களின் தொடக்கத்தில் சுமார் 66 ஆக இருந்த பின்லாந்து ஆண்களின் சராசரி ஆயுள், 2006-ல் சுமார் 76 ஆயிற்று. பத்து ஆண்டுகள்! பேரனைத் தூக்கிக் கொஞ்சுவதற்குக் கிடைத்த பத்து ஆண்டுகள்!

தோழர்களே! "நாக்கைக் கட்டு" என்று தனி மனிதனை ஏசுவது எளிது. கடையிலே கிடைப்பது மாறாமல், ஆலை உணவகத்திலே வேகுவது மாறாமல், வீட்டு அடுப்பு மாறாமல், நாக்கு மட்டும் மாறுமா? கரேலியாவிலே ஊரே சேர்ந்து உலையை மாற்றிற்று. அதனால் ஆயுள் நீண்டது. வீடு வீடாகச் செல்லவும், கூட்டம் கூட்டவும், எடுத்துச் சொல்லவும் தெரிந்தவர்கள் நாம். அந்தத் திறனை இதற்கும் சற்றுச் செலவிடுவோம்!