இரவு ஒன்பது மணிக்கு அளந்து பாருங்கள்

மதுரையில் வீட்டுக்கு ஃபைபர் நெட் போட்டவுடன் எல்லோரும் செய்வது, செல்போனில் ஸ்பீட் டெஸ்ட் பார்ப்பது. 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 95 காட்டினால் திருப்தி. அன்றிரவே படம் சுற்றிச் சுற்றி நிற்கும். சோதனை பொய் சொல்லவில்லை. அது அளந்த பாதை வேறு.

ஊக்லாவின் ஸ்பீட் டெஸ்ட் அருகிலுள்ள சர்வரைத் தேடிப் பிடித்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து தரவை இழுக்கிறது. அந்த சர்வர் பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அதாவது தெருக்கோடி வரைக்குமான வேகம். எம்-லேப் அமைப்பின் சோதனையோ, நிறுவனங்களுக்கு வெளியே உள்ள சர்வரோடு ஒற்றை இணைப்பில் அளக்கிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால், கோளாறு உங்கள் வீட்டைத் தாண்டி இருக்க வாய்ப்பு அதிகம்.

கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் கண்ணாடி இழை உங்கள் ஒரு வீட்டுக்கானது அல்ல. ஜிபான் எனும் ஃபைபர் பகிர்வு முறையில் ஒரே இழையின் சுமார் 2.5 ஜிகாபிட்டை ஸ்பிளிட்டர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. 64 வீடும் நூறு நூறாக இழுத்தால் 6,400 மெகாபிட் வேண்டும். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால்தான் பகலில் இது தெரிவதில்லை. இரவு எட்டு முதல் பத்து வரை தெரியும். நிறுவனம் வெளியுலகத் தொடர்புக்கு வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவு போதாவிட்டால் நெருக்கடி இன்னும் கூடும்.

வேகத்தோடு பிங்கையும், அதாவது தரவு போய்த் திரும்பும் நேரத்தையும் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சாலைவழி ஏறத்தாழ 460 கிலோமீட்டர் உள்ள சென்னைக்குப் போய்வர 5 மில்லிநொடிகூட ஆகாது. வழியிலுள்ள கருவிகளுக்கும் சுற்றுவழிக்கும் சேர்த்து 15, 20 வரலாம். வீட்டில் யாரோ வீடியோ ஏற்றும்போது அது 200 ஆனால், ரவுட்டரில் தரவு வரிசை கட்டி நிற்கிறது என்று பொருள். ஆன்லைன் வகுப்பில் குரல் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம். விளம்பரத்தில் மட்டும் பிங் பற்றி ஒரு வரி இருக்காது.

அளக்கும்போது வைஃபையை நம்பாதீர்கள். மாசி வீதிப் பழைய வீடுகளின் கனத்த சுவர்கள் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே தின்றுவிடும். லேப்டாப்பை லேன் கேபிளில் செருகுங்கள். 300 பிளானிலும் 94, 95-ஐத் தாண்டவில்லையா? கேபிளோ போர்ட்டோ 100 மெகாபிட் வகையாக இருக்கும். நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஃபைல் இறங்கும் வேகத்தைப் பார்ப்பவர்கள் எட்டால் வகுக்க வேண்டும்: 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான்.

2023 ஜனவரி முதல் மத்திய அரசின் விதிப்படி 2 எம்பிபிஎஸ் கிடைத்தாலே அது பிராட்பேண்ட். ஆகவே அந்த வரையறை நமக்கு உதவாது. பணம் கட்டிய பிளானின் வேகத்தைத்தான் கேட்க வேண்டும். ஒரு வாரம் காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் கேபிளில் அளந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேபிள்காரரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி விட்டுவிடாமல், நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.