டார்லிங்டன் அணுமின் நிலையப் புதுப்பிப்பும் உள்ளூர் வழங்குநர்களும்

ஆய்வுச் சுருக்கம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள டார்லிங்டன் அணுமின் நிலையத்தின் நான்கு அலகுகளைப் புதுப்பிக்கும் பணி 2016 அக்டோபரில் தொடங்கியது. முதல் அலகு குறித்த காலத்திற்குப் பின்னரும், அடுத்த இரண்டு அலகுகள் குறித்த காலத்திற்கு முன்னரும் மின் உற்பத்திக்குத் திரும்பின. இவ்வேறுபாடு பணியாளர்களிடமும் உதிரிப் பாகங்களை வழங்கிய பட்டறைகளிடமும் சேர்ந்த அனுபவத்தோடு தொடர்புடையது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 'உள்ளூர் வழங்குநர்' எனும் சொல் எதனை உள்ளடக்குகிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கனநீர் உலை, அழுத்தக் குழாய், டார்லிங்டன், வழங்குநர், சிர்க்கோனியம், கல்பாக்கம்.

முன்னுரை

டொராண்டோ நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் டார்லிங்டன் அணுமின் நிலையம் அமைந்துள்ளது. மாகாண அரசுக்கு உரிமையான ஒன்டாரியோ பவர் ஜெனரேஷன் நிறுவனம் இதனை நடத்துகிறது. 1990க்கும் 1993க்கும் இடையில் செயற்பாட்டிற்கு வந்த இதன் நான்கு அலகுகளும் சேர்ந்து 3,500 மெகாவாட் அளவிலான மின்திறன் கொண்டவை. மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கிருந்து கிடைக்கிறது.

இந்நிலையம் கட்டப்பட்ட வரலாறு ஒன்டாரியோ மக்களுக்கு இனிய நினைவன்று. 1981இல் கட்டுமானம் தொடங்கியபோது 740 கோடி கனடிய டாலர் என மதிப்பிடப்பட்ட செலவு, பணி நிறைவுற்றபோது 1,440 கோடி டாலராக உயர்ந்திருந்தது. அரசியல் முடிவுகளால் நேர்ந்த தாமதங்களும், தாமதத்தின் மேல் ஏறிய வட்டியும் இவ்வுயர்வில் பெரும்பங்கு வகித்தன. அன்றைய மின்வாரியமான ஒன்டாரியோ ஹைட்ரோ 1999இல் பிரிக்கப்பட்டபோது எஞ்சிய கடனை அடைக்க, 2002 முதல் ஒரு கிலோவாட்-மணிக்கு 0.7 சென்ட் வீதம் தனிக்கட்டணம் விதிக்கப்பட்டது. வீட்டு நுகர்வோர் 2015 முடியும்வரையும், ஏனையோர் 2018 மார்ச் முடியும்வரையும் அதனைச் செலுத்தினர். அக்கட்டணம் முற்றிலும் நீங்கும் முன்னரே, 2016 ஜனவரியில், அதே நிலையத்தைப் புதுப்பிக்க 1,280 கோடி டாலர் செலவிடப்படும் என்னும் அறிவிப்பு வெளியானது. பணியின் முன்னேற்றம் மாதந்தோறும் உற்றுநோக்கப்பட்டதற்கு இதுவே பின்புலம்.

புதுப்பிப்பின் தேவை

தமிழில் இப்பணி பெரும்பாலும் 'பராமரிப்பு' என்றே குறிக்கப்படுகிறது. அச்சொல் பணியின் அளவைக் குறைத்துக் காட்டுகிறது. இங்கு நிகழ்வது உலையின் உட்பகுதியை முழுவதும் கழற்றி மீண்டும் அமைப்பதாகும்.

கேண்டு வகைக் கனநீர் உலையில் எரிபொருள் ஒரே பெரிய கலத்தில் வைக்கப்படுவதில்லை. கிடைமட்டமாகப் படுத்திருக்கும் கலாந்திரியா எனும் உருளைத் தொட்டியின் ஊடாக நூற்றுக்கணக்கான குழாய்கள் செல்கின்றன. டார்லிங்டனின் ஒவ்வோர் உலையிலும் இத்தகைய 480 எரிபொருள் தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடத்திலும் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உள்விட்டமும் 4 மில்லிமீட்டர் சுவர்த்தடிமனும் உள்ள ஓர் அழுத்தக் குழாய் இருக்கிறது. அதனுள் 13 எரிபொருள் கற்றைகள் வரிசையாக அமைகின்றன. அழுத்தக் குழாயைச் சுற்றிக் கலாந்திரியாக் குழாய் அமைகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு இடைவெளி வளையங்கள் காக்கின்றன.

அழுத்தக் குழாய்கள் சிர்க்கோனியத்துடன் 2.5 விழுக்காடு நியோபியம் சேர்ந்த உலோகக் கலவையால் ஆனவை. ஆண்டுக்கணக்கில் நியூட்ரான்கள் தாக்குவதால் அவை நீள்கின்றன, விட்டத்தில் விரிகின்றன, நடுவில் தொய்கின்றன. கனநீரிலிருந்து டியூட்டீரியத்தை உறிஞ்சி நொறுங்கும் தன்மையையும் அடைகின்றன. இதன் அபாயம் 1983 ஆகஸ்டு 1 அன்று டார்லிங்டனுக்கு மேற்கே உள்ள பிக்கரிங் நிலையத்தின் இரண்டாம் அலகில் வெளிப்பட்டது. அங்கு இடைவெளி வளையங்கள் இடம் பெயர்ந்ததால் அழுத்தக் குழாய் தொய்ந்து, குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டது. தொட்ட இடத்தில் சேர்ந்த ஹைட்ரைடு கொப்புளங்களிலிருந்து வெடிப்புத் தொடங்கிக் குழாய் பிளந்தது. அக்குழாய் பழைய சிர்க்கலாய்-2 கலவையால் ஆனது. நியோபியக் கலவை அதைவிட மேம்பட்டது; ஆயினும் அதற்கும் ஆயுள் வரம்பு உண்டு. ஏறத்தாழ 2,10,000 முழுத்திறன் மணிநேரம் என்பது தொடக்க வடிவமைப்புக் கணக்கு.

ஆகவே ஒவ்வோர் அலகிலும் 6,240 எரிபொருள் கற்றைகளை வெளியேற்றுதல், நீரை வடித்தல், ஏனைய அலகுகளிலிருந்து அதனைத் தனிமைப்படுத்துதல், 960 ஊட்டுக் குழாய்களை அகற்றுதல், 480 தடங்களையும் வெட்டி எடுத்தல், பின்னர் இதே வரிசையைத் தலைகீழாகச் செய்து புதியன பொருத்துதல் எனப் பணி நீள்கிறது.

கால வரிசை காட்டுவது

முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது இரண்டாம் அலகு. 40 மாதங்களில், அதாவது 2020 பிப்ரவரியில், முடிய வேண்டிய அது 2020 ஜூனில்தான் மின்தொகுப்பிற்குத் திரும்பியது. மூன்றாம் அலகின் பணி பெருந்தொற்றினால் சில மாதங்கள் தள்ளிப்போய் 2020 செப்டம்பரில் தொடங்கியது. 2023 ஜூலையில், குறித்த நாளுக்கு 169 நாட்கள் முன்னதாக முடிந்தது. 2022 பிப்ரவரியில் நிறுத்தப்பட்ட முதலாம் அலகு 2024 நவம்பரில், ஏறத்தாழ ஐந்து மாதங்கள் முன்னதாகத் திரும்பியது. நான்காம் அலகு 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது; அதற்கு 2026 இலக்காகக் குறிக்கப்பட்டது.

எனவே, ஒரே வடிவமைப்புடைய உலைகளில் முதல் பணி ஏறத்தாழ 44 மாதங்களும், அடுத்த இரண்டும் ஏறத்தாழ 34 மாதங்களும் எடுத்துக்கொண்டன. மாற்றப்பட்ட குழாய்களின் எண்ணிக்கை குறையவில்லை. மாறியவை பணியின் ஒழுங்கும் பணிபுரிந்தோரின் பழக்கமுமே. நிலைய வளாகத்தின் அருகில் உலை முகப்பின் முழு அளவு மாதிரி ஒன்று அமைக்கப்பட்டு, கதிர்வீச்சற்ற சூழலில் ஒவ்வொரு செயலும் ஒத்திகை பார்க்கப்பட்டது. இரண்டாம் அலகு முடியும்வரை அடுத்ததைத் தொடங்குவதில்லை என்னும் முடிவும் இங்குக் கருதத்தக்கது. மாகாண அரசு 2013ஆம் ஆண்டின் நீண்டகால எரிசக்தித் திட்டத்திலேயே, பணி கைமீறினால் எஞ்சிய அலகுகளைக் கைவிடும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தது. அந்த எச்சரிக்கை, கற்றுக்கொள்வதற்கான இடைவெளியையும் அளித்தது.

இதற்கு எதிர்நிலையில் நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் பாயிண்ட் லெப்ரோ உள்ளது. ஒரே அலகைக் கொண்ட அந்நிலையம் 2008 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 18 மாதங்களில் முடிய வேண்டிய பணி 2012 நவம்பர் வரை நீண்டது. பொருத்தப்பட்ட கலாந்திரியாக் குழாய்களின் இணைப்புகள் கசிவுச் சோதனையில் தேறாததால், 380 குழாய்களையும் கழற்றி மீண்டும் பொருத்த நேர்ந்தது. ஒற்றை அலகு நிலையத்தில் முதல் முயற்சியின் பிழையைச் சரிசெய்து பயனடைய இரண்டாம் அலகு இல்லை. பாடத்தின் விலையை லெப்ரோ செலுத்தியது. பயனைப் பிறர் பெற்றனர்.

வழங்குநர்களின் பட்டறைகள்

டார்லிங்டனின் குழாய் மாற்றப் பணியை எஸ்.என்.சி.-லாவலின், ஏகான் ஆகிய நிறுவனங்களின் கூட்டமைப்பு ஏற்றது. கனடாவின் பொதுத்துறை அணுசக்தி நிறுவனத்தின் உலை வணிகப் பிரிவை 2011இல் 1 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது எஸ்.என்.சி.-லாவலின், 2023இல் அது அட்கின்ஸ்ரியாலிஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. இப்பெருநிறுவனங்களுக்குக் கீழேதான் வழங்குநர்களின் உலகம் தொடங்குகிறது. சிர்க்கோனியக் குழாய்கள் கோபர்க் நகரில் உள்ள கேமிகோ ஆலையில் உருவாகின்றன. எரிபொருள் கற்றைகள் போர்ட் ஹோப்பில் தயாராகின்றன. இவ்விரண்டும் டார்லிங்டனுக்குக் கிழக்கே, அதே ஏரிக்கரையில் உள்ள சிற்றூர்கள். நீராவியாக்கிகள் கேம்பிரிட்ஜ் நகரின் பி.டபிள்யூ.எக்ஸ்.டி. ஆலையில் வடிக்கப்படுகின்றன.

இவ்வகைப் பட்டறைக்குக் கடைசல் எந்திரமும் நல்ல கைவினைஞரும் மட்டும் போதா. அணுத்துறைக்குரிய கனடியத் தர நெறியான என்299-இன்படி, உலோகம் எந்த வார்ப்பிலிருந்து வந்தது, யார் பற்றவைத்தார், யார் சோதித்தார் என்பதெல்லாம் ஒவ்வொரு பாகத்தோடும் ஆவணமாகச் செல்ல வேண்டும். இந்த ஒழுங்கைக் கட்டியெழுப்ப ஆண்டுகள் ஆகும். வேலை நின்றால் அது விரைவில் கலையும். கனடாவில் புதிய உலை ஒன்று கடைசியாகச் செயற்பாட்டிற்கு வந்தது 1993இல், டார்லிங்டனிலேயே. அதன்பின் தென்கொரியா, சீனா, ருமேனியா ஆகிய நாடுகளின் ஒப்பந்தங்கள் சில ஆலைகளை உயிருடன் வைத்திருந்தன. அவையும் 2007க்குப் பின் நின்றன. ஆகவே புதுப்பிப்புப் பணி இப்பட்டறைகளுக்கு ஒரு மறுவாழ்வு எனலாம்.

ஹியூரான் ஏரிக்கரையில் எட்டு அலகுகள் கொண்ட புரூஸ் நிலையமும் தன் ஆறாம் அலகை 2020 ஜனவரியில் நிறுத்தி 2023 செப்டம்பரில் புதுப்பித்து முடித்தது. மூன்றாம் அலகை 2023இல் தொடங்கியது. ஒரே மாகாணத்தில் இரு பெரும்பணிகள் அடுத்தடுத்து நிகழ்ந்ததால் கொதிகலன் தொழிலாளர்களும் குழாய்ப் பொருத்துநர்களும் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல இயன்றது. ஆர்டர்களின் இத்தொடர்ச்சி எந்த மேலாண்மை உத்திக்கும் குறையாத பயன் தந்தது எனக் கருத இடமுண்டு.

ஆனால் அனுபவம் மட்டுமே கைமாறுவதில்லை. புரூஸின் முதலாம் அலகு முன்னர் புதுப்பிக்கப்பட்டபோது, 2009 நவம்பரில் ஊட்டுக் குழாய்களை அரைத்தபோது எழுந்த தூசியில் ஆல்பா கதிர்வீச்சு இருந்தது உடனே கண்டறியப்படவில்லை. 500க்கும் மேற்பட்ட பணியாளர்கள் அப்பாதிப்புக்கு உள்ளாகியிருக்கக்கூடும் என்னும் நிலையில் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் பலர் ஒப்பந்த அடிப்படையில் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். வழங்குநர்களைப் பற்றிய பொருளாதார அறிக்கைகளில் இத்தகைய செலவு ஒரு வரியாகவும் இடம்பெறுவதில்லை.

'உள்ளூர்' எனும் சொல்லின் எல்லை

கனடாவின் மாநாட்டு வாரியம் எனும் ஆய்வமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பீடு, டார்லிங்டனின் புதுப்பிப்பும் அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலான இயக்கமும் சேர்ந்து ஒன்டாரியோவிற்கு 8,990 கோடி டாலர் பொருளாதாரப் பயனும் ஆண்டுக்குச் சராசரியாக 14,200 வேலைகளும் தரும் எனக் கணித்தது. இவ்வெண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். இது பட்டறைகளில் எண்ணிப் பார்த்த ஆட்களின் தொகையன்று, மாதிரிக் கணக்கு. புதுப்பிக்கும் பத்தாண்டுகளும் அதற்குப் பின் வரும் பல பத்தாண்டு இயக்கமும் ஒரே சராசரியில் கலந்துள்ளன. குழாய் செய்யும் பட்டறைக்கு முன்னதே முதன்மையானது. பின்னதில் அதன் பங்கு சிறிது.

உரிமை எவரிடம் உள்ளது என்பது மற்றொரு கேள்வி. பி.டபிள்யூ.எக்ஸ்.டி.யின் தலைமையகம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ளது. அந்நிறுவனம் 2016 இறுதியில் ஜி.இ. ஹிட்டாச்சியின் கனடிய அணு எரிபொருள் வணிகத்தையும், 2020 தொடக்கத்தில் கேண்டு பாகங்களைத் தயாரிக்கும் லேக்கர் நிறுவனத்தையும், 2025இல் டொராண்டோவின் கினெக்ட்ரிக்ஸ் நிறுவனத்தையும் வாங்கியது. ஆலைகள் இடம் மாறவில்லை, தொழிலாளர்களும் ஒன்டாரியோவினரே. எனினும் அடுத்த ஆர்டர் குறைந்தால் எந்த ஆலையை மூடுவது என்னும் முடிவு மாகாணத்திற்கு வெளியே எடுக்கப்படக்கூடும். முகவரியைக் கொண்டு மட்டும் உள்ளூர்த்தன்மையை அளக்கும் முறை இதனைக் காட்டுவதில்லை.

கல்பாக்கம்: ஓர் ஒப்பீடு

கனடிய வழியில் வந்த உலைகள் தமிழ்நாட்டிலும் உண்டு. ராஜஸ்தானின் முதல் இரு அலகுகள் கனடாவின் உதவியுடன் தொடங்கப்பட்டவை. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா ஒத்துழைப்பை நிறுத்தியது. அதன்பின் இந்தியா குழாய் முதல் கனநீர் வரை தானே உருவாக்க வேண்டியதாயிற்று. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு 2002 முதலும் முதலாம் அலகு 2003 முதலும் நிறுத்தப்பட்டு, ஒவ்வொன்றிலும் 306 தடங்கள் மாற்றப்பட்டன. சிர்க்கலாய்-2 குழாய்களுக்குப் பதிலாக நியோபியக் கலவைக் குழாய்கள் அமைந்தன. தணிப்பான் நீர் நுழைவுப் பகுதியில் முன்னர் ஏற்பட்ட சேதத்தால் 170 மெகாவாட்டாகக் குறைக்கப்பட்டிருந்த திறனும் 220 மெகாவாட்டுக்கு மீண்டது.

இங்கு வழங்குநர் சங்கிலியின் முதன்மைக் கண்ணிகள் அரசிடமே உள்ளன. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்க்கான் பிரிக்கப்படுகிறது. தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் உள்ள சிர்க்கோனிய வளாகத்தில் உலோகக் கடற்பாஞ்சு தயாராகிறது. ஐதராபாத்தின் அணு எரிபொருள் வளாகம் அதனைக் குழாயாக்குகிறது. ஒன்டாரியோவில் ஆர்டர் வற்றினால் பட்டறை வேறு வேலைக்குத் திரும்பும் அல்லது விற்கப்படும். இந்தியாவில் ஆலை நிற்கும், திறன் ஓரளவு காக்கப்படும். ஆனால் அக்கம்பக்கத்துச் சிறு பட்டறைகள் இந்தச் சங்கிலியின் உள்ளே நுழைவது கடினம். இரண்டில் எது மேலானது என இங்குத் தீர்ப்பதற்கில்லை. டார்லிங்டனின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கல்பாக்கத்தை அளப்பது பொருந்தாது என்பது தெளிவு.

அடுத்த ஆர்டர்

2024 ஜனவரியில் பிக்கரிங் நிலையத்தின் ஐந்து முதல் எட்டு வரையிலான அலகுகளைப் புதுப்பிக்கும் திட்டத்திற்கு மாகாண அரசு ஆதரவு தெரிவித்தது. அவை டார்லிங்டனைவிடப் பழைய வடிவமைப்பு. கருவிகளும் ஒத்திகைகளும் பெருமளவு மாற்றியமைக்கப்பட வேண்டும். டார்லிங்டன் வளாகத்திலேயே 2025 மே மாதம் கட்டுமான ஒப்புதல் பெற்ற சிறு உலையோ, ஜி.இ. ஹிட்டாச்சியின் பி.டபிள்யூ.ஆர்.எக்ஸ்-300 வகை. அதில் அழுத்தக் குழாய் இல்லை, கலாந்திரியா இல்லை, கனநீரும் இல்லை. முப்பது ஆண்டுகளில் சிர்க்கோனியக் குழாயைத் துல்லியமாக இணைக்கக் கற்ற கைகளுக்கு அவ்வுலையில் நேரடி வேலை குறைவு. அக்கைகளுக்கான வேலை தற்போது கடல் கடந்து கிடைக்கிறது. ருமேனியாவின் செர்னவோடா முதலாம் அலகைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் 2024 டிசம்பரில் கையெழுத்தானது. கனடா, இத்தாலி, தென்கொரியா ஆகிய நாடுகளின் நிறுவனங்கள் அதனைப் பகிர்ந்துகொள்கின்றன. உலையை நிறுத்துவதற்குக் குறிக்கப்பட்ட ஆண்டு 2027.