சுருதி சேர்த்தால் கணக்கு முடியும்

லால்குடி என்றதும் நமக்கு ஜெயராமனின் வயலின்தான் காதில் ஒலிக்கும். கச்சேரி தொடங்குமுன் வயலின் வித்வான் சுருதி சேர்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்க, வில்லை மெல்ல இழுத்தபடி பிரடையைத் திருகுவார். தந்தி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று அவர் எண்ணுவதில்லை. தம்பூரா 240 முறையும் தந்தி 243 முறையும் அதிர்ந்தால், சேர்ந்து வரும் ஒலி நொடிக்கு 3 முறை ஏறி இறங்கும். பள்ளிப் பாடத்தில் இதற்கு ‘விம்மல்’ என்று பெயர். விம்மல் அடங்கினால் சுருதி சேர்ந்துவிட்டது. 240ஐ எண்ண வேண்டாம். 3ஐக் கவனித்தால் போதும்.

ஈர்ப்பலை ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்ததும் ஏறக்குறைய இதே உத்திதான்.

2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அதிர்வு, அதாவது ஈர்ப்பலை, பூமியை எட்டியது. ஈர்ப்பலையைப் பதிவு செய்யும் லைகோ கருவிகளில் அது ஏறத்தாழ 100 நொடி ஒலித்தது, 1.7 நொடி கழித்துக் காமா கதிர் வெடிப்பும் தெரிந்தது. மோதல் நடந்த விண்மீன் மண்டலத்தைத் தொலைநோக்கி கண்டுபிடித்தபோது சுமார் 11 மணி நேரம் ஓடியிருந்தது. மோதலின் வெளிச்சமோ சில நாளில் மங்கிவிடும். அதனால்தான், எங்கே பார்ப்பது என்று பதிவிலிருந்து கணக்கிட்டுச் சொல்ல அவசரம்.

கணக்கு என்னவோ மலை. விண்மீன்களின் எடை, சுழற்சி, தொலைவு, திசை என்று பதினைந்துக்கும் மேற்பட்ட விவரங்கள் தெரியாதவை. ஒரு கணிப்பை எடுத்து, அதற்கான அலையை வரைந்து, பதிவோடு ஒப்பிட்டு, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிட வேண்டும். இப்படி லட்சக்கணக்கான முறை. நொடிக்கு 4096 அளவீடு வீதம் 2048 நொடிப் பதிவு என்றால், ஏறத்தாழ 84 லட்சம் எண்கள்!

2018இல் பராக் சாக்கே, லியாங் டாய், தேஜஸ்வி வேணுமாதவ் மூவரும் ஒரு சுருக்குவழி காட்டினார்கள். நன்றாகப் பொருந்தும் ஓர் அலையைத் தம்பூராவாக வைத்துக்கொள்; அதைப் பதிவோடு ஒருமுறை ஒப்பிட்டு, சுருக்கத்தைச் சேமித்து வை. மற்ற அலைகளுக்கு, இதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று மட்டும் பார். அலை வேகமாகத் துடித்தாலும் விலகல் மெதுவாகத்தான் மாறும். ஆகவே அதிர்வெண்களைச் சுமார் 60 கட்டங்களாகப் பிரித்தாலே போதும். நேரடியாக ஒப்பிடுவதைவிட வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு. விலகலை மட்டும் பார்க்கும் யோசனையை நீல் கார்னிஷ் 2010இலேயே முன்வைத்திருந்தார்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. தந்தி 200இல் நின்றால் விம்மல் கேட்காது, இரண்டு ஸ்வரம்தான் கேட்கும். முதல் கணிப்பு அருகில் இருந்தாக வேண்டும். அதைத் தருவது, முன்பே செய்து வைத்த மாதிரி அலைகளைப் பதிவோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும் தேடல். அந்த மாதிரிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று 1991இல் எழுதியவர்கள் சத்யப்பிரகாஷ், துரந்தர் என்ற இரு இந்தியர்கள். லைகோ அப்போது கட்டப்படவே இல்லை.