ஒரே வேலைக்கு இரண்டு குழுக்கள்



பக்கத்துத் தெருவில் புதுசா ஒரு குழு ஆரம்பிச்சா, "நமக்குப் போட்டியா வந்துட்டாங்க"ன்னு பேச்சு வருது இல்லையா? கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் என்றால், அதை யாரும் பயன்படுத்தலாம், எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம், திருத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். மசாலாப் பொடியோடு செய்முறையையும் எழுதிக் கொடுப்பது மாதிரி. காசில்லாமல் கிடைப்பதெல்லாம் கட்டற்றது ஆகாது. பிரச்சினையே அங்கேதான் கிளம்பியது.

1996-ல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்பவர் கேடிஇ குழுவைத் தொடங்கினார். லினக்ஸ் கம்ப்யூட்டரில் சாதாரண ஜனங்களும் படத்தைப் பார்த்து, பட்டனை அமுக்கி வேலை செய்ய ஒரு திரை அமைப்பதுதான் நோக்கம். அதற்கு நார்வே கம்பெனி ஒன்றின் க்யூட்டி என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள். காசு வாங்கவில்லை, ஆனால் திருத்தி வெளியிடும் உரிமையும் இல்லை. "நாளைக்குக் கம்பெனி மனசு மாறினா என்ன செய்வீங்க?" என்று கேட்டவர்கள் 1997-ல் க்னோம் என்று தனிக்குழு ஆரம்பித்தார்கள். மெக்சிகோவின் மிகுவல் டி இக்காசா அதில் முக்கியமானவர். இரண்டு தரப்பும் காரசாரமாகவே பேசிக்கொண்டன.

என்னைக் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. கேடிஇ அதை உதறித் தள்ளவில்லை. 1998-ல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது: காசில்லாமல் தருவதை நிறுத்தினால், க்யூட்டி பொதுச்சொத்து போல எல்லோருக்கும் திறந்துவிடப்படும். 2000-ல் க்யூட்டியே கட்டற்ற உரிமத்தில் வந்துவிட்டது.

சரி, காரணம் தீர்ந்துபோச்சு, க்னோமைக் கலைச்சிடலாமா? கலைக்கவில்லை. அதற்குள் உறுப்பினர்கள், உழைப்பு, தனிப் பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்துவிட்டதே! அதே 2000-ல் க்னோமில் இருந்த ஹாவோக் பென்னிங்டன், இரு தரப்பும் உட்கார்ந்து பேச ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொது இடத்தை உண்டாக்கினார். அங்கே யார் பெரியவர் என்று பேசவில்லை. ஒருவர் செய்த புரோகிராம் மற்றவர் மெனுவிலும் தெரிய என்ன விதி வேண்டும் என்பது போன்ற சின்னச்சின்ன வேலைகளைத்தான் பேசினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ள கேடிஇ-யிடம் டிகாப் என்ற சொந்த முறை இருந்தது. அதன் நல்ல அம்சங்களைப் பார்த்து டி-பஸ் என்ற பொதுமுறை உருவானது. 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் கேடிஇ தன் சொந்த முறையை விட்டுவிட்டு டி-பஸ்ஸுக்கு மாறியது. சொந்தமா செஞ்சதை விட்டுக்கொடுக்க எவ்வளவு மனசு வேணும், சொல்லுங்க!

2009-ல் ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவிலும், 2011-ல் பெர்லினிலும் ஆண்டு மாநாட்டைச் சேர்ந்தே நடத்தினார்கள். அப்புறம் மறுபடி தனித்தனி மாநாடுதான். அதற்காக உறவு முறியவில்லை. 2019-லிருந்து லினக்ஸ் புரோகிராம்களுக்கான கூட்டம் ஒன்றை இரு குழுவும் சேர்ந்து நடத்துகின்றன.