பில்லியன் என்றால் எத்தனை?

திருவந்திபுரத்திலிருந்து கடலூர் வழியாகப் புதுச்சேரி செல்வது ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். இந்தச் சிறு தொலைவுக்குள் ஓர் எண் ஆயிரம் மடங்கு பெருகிவிடும் என்றால் நம்புவீர்களா?

கடலூரில் ஆங்கில நூல் படிக்கும் மாணவனுக்குப் 'பில்லியன்' என்பது நூறு கோடி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பயிலும் மாணவனுக்கோ அதே எழுத்துகளால் ஆன சொல் இலட்சம் கோடியைக் குறிக்கிறது. நூறு கோடிக்கு அவன் மொழியில் 'மில்லியார்' என்ற தனிச்சொல் உண்டு. ஜெர்மன் மொழியிலும் இவ்வாறே.

1484இல் நிக்கோலா ஷூக்கே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், மில்லியனை மில்லியனால் பெருக்கி வருவதையே இப்பெயரால் குறித்தார். 'பி' என்றால் இரண்டு. எனவே இலட்சம் கோடி என்பதே பெயருக்குப் பொருத்தமான பொருள். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் சிலர் இதனை ஆயிரம் மில்லியனுக்கு வழங்கத் தலைப்பட்டனர். அமெரிக்கர் அதைப் பின்பற்றினர். பின்னர் நடந்ததுதான் வேடிக்கை! 1961இல் பிரான்சு சட்டப்படி பழைய பொருளுக்குத் திரும்பியது. அதுவரை பழைய பொருளைக் காத்துவந்த பிரிட்டிஷ் அரசு 1974இல் அமெரிக்க வழக்கை மேற்கொண்டது. ஆகவே பழைய ஆங்கில நூல்களில் இச்சொல்லைக் கண்டால், அச்சான ஆண்டையும் நாட்டையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இது வெறும் சொல் விளையாட்டன்று. ஓர் ஒளியாண்டு 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். ஆங்கிலத்தில் இது 9.46 டிரில்லியன், ஜெர்மன் மொழியில் 9.46 பில்லியன். ஜெர்மன் நூலைப் பார்த்து எழுதுபவர் ஆங்கிலப் பொருள் கொண்டு 946 கோடி என்று எழுதிவிட்டால்? ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. வகுத்துப் பாருங்கள்: சுமார் 31,500 வினாடி, அதாவது எட்டே முக்கால் மணி நேரம். ஓராண்டுப் பயணம் ஒரு பகலுக்குள் முடிந்துவிடும்!

அறிவியலார் பத்தின் அடுக்குகளாக எண்களை எழுதும்போது இக்குழப்பம் எழுவதில்லை. 10இன் 9ஆம் அடுக்கு எந்த நாட்டிலும் நூறு கோடிதான். தமிழில் எழுதும்போது கோடிக் கணக்கில் சொல்லிவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை.

ஆனால் கோலாலம்பூரில் உள்ள நம் உறவினர்களிடம் இலட்சத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வடமொழியிலிருந்து நமக்கு வந்த அந்தச் சொல் மலாய் மொழிக்கும் போயிருக்கிறது. அங்கே 'லக்சா' என்றால் பத்தாயிரம்.