பிரெஞ்சு இன்பியல் நாடகத்தில் மாறுவேடமும் வேலைக்காரர்களும்

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இன்பியல் நாடகங்களில் கதையை நகர்த்துபவர் பெரும்பாலும் வேலைக்காரரே. உரோமை நாடகங்களின் தந்திரக்கார அடிமையும், இத்தாலிய முகமூடி நாடகங்களின் கோமாளி வேலையாளும் இப்பாத்திரத்தின் முன்னோடிகள். மோலியரின் குழு பாரிசில் இத்தாலிய நடிகர்களுடன் ஒரே அரங்கைப் பகிர்ந்துகொண்டது.

வேலைக்காரரின் சூழ்ச்சிக்குத் தேவை ஏற்பட்டது பெரும்பாலும் திருமணத்தால். 1556ஆம் ஆண்டின் அரசாணைப்படி, 30 வயதுக்குட்பட்ட மகனோ 25 வயதுக்குட்பட்ட மகளோ பெற்றோரின் இசைவின்றி மணந்தால் சொத்துரிமையை இழக்க நேரிடும். எனவே பிள்ளைகள் தந்தையை நேரடியாக எதிர்க்க முடியாது, ஏமாற்றத்தான் வேண்டும். சொத்து எதுவும் இல்லாத வேலைக்காரருக்கு அந்த இழப்பு இல்லை, முதுகில் அடி மட்டும் உண்டு.

மோலியரின் "கற்பனை நோயாளி" (1673) நாடகத்தில் ஆர்கான், வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருக்கட்டும் என்று மகள் ஆஞ்செலிக்கை மருத்துவக் குடும்பத்து இளைஞனுக்கு மணமுடிக்க நினைக்கிறான். பணிப்பெண் துவானெத் மருத்துவராக வேடமிட்டு வருகிறாள். தனக்கு வயது 90 என்கிறாள். எந்த அறிகுறியைக் கேட்டாலும் நுரையீரலே காரணம் என்கிறாள். ஒரு கையை வெட்டிவிடவும் ஆலோசனை கூறுகிறாள். மருத்துவ அங்கி அணிந்த எவரையும் நம்புபவனுக்கு இதைவிடப் பொருத்தமான சிகிச்சை இல்லை. ஆயினும் முடிச்சை அவிழ்ப்பது இவ்வேடம் அன்று. துவானெத்தின் யோசனைப்படி ஆர்கான் இறந்தவன்போல் படுக்கிறான். இரண்டாம் மனைவி மகிழ்கிறாள், மகள் அழுகிறாள். அதன் பிறகே அவன் மனம் மாறுகிறது.

"ஸ்கப்பானின் தந்திரங்கள்" (1671) நாடகத்தின் ஒரு காட்சியில் உடை மாற்றம்கூடத் தேவைப்படவில்லை. எதிரிகள் தேடுவதாகப் பயமுறுத்தி முதலாளியின் தந்தை ழெரோந்தைச் சாக்குக்குள் ஒளியவைக்கும் ஸ்கப்பான், பலரின் குரலில் பேசிக்கொண்டே அவரை அடிக்கிறான். இக்காட்சி மோலியரின் தகுதிக்குக் கீழானது என்று கவிஞர் புவாலோ கருதினார். மேடையில் இன்றும் அதிகம் சிரிக்கவைப்பது அதுதான். பிடிபட்டதும் சாகும் தறுவாயில் இருப்பதாக நடித்து ஸ்கப்பான் மன்னிப்புப் பெறுகிறான். ழெரோந்த் விதிக்கும் நிபந்தனை: அவன் உண்மையிலேயே சாக வேண்டும்.

"நகைப்புக்குரிய நாகரிகப் பெண்கள்" (1659) நாடகத்தில் நிலைமை வேறு. தங்களை நிராகரித்த இரு பெண்களை அவமானப்படுத்த, இரண்டு கனவான்கள் தம் வேலைக்காரர்களைப் பிரபுக்களாக அனுப்புகின்றனர். மாஸ்கரில், ழோத்லே இருவரையும் பெண்கள் உயர்குடியினர் என்றே நம்பிவிடுகின்றனர். இறுதியில் அனுப்பியவர்களே தடியுடன் வந்து அடித்து, மேடையிலேயே ஆடைகளைக் களைகின்றனர். சூழ்ச்சி எசமானர்களுடையது, அடி வேலைக்காரர்களுக்கு.